இறங்கி நடக்கவும்

பாலம் என்பது நீரின் இக்கரையில் நிற்போரை அக்கரையில் சேர்ப்பதற்காகக் கட்டப்படுவது. இவ்விளக்கத்தில் குறையேதும் உண்டா என்பதை வெஸ்டர்லாக் நகரசபை ஒன்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தது.

ஆராய்ச்சிக்கு உள்ளான பாலம் கால்வாயின் மீது முதுகு வளைந்து நின்றமையால் ஊரார் அதனைக் கூன்பாலம் என்றனர். அதன் அகலம் இரண்டரை மீட்டர். நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் அதில் பாகப்பிரிவினை நடந்திருக்கவில்லை. காலையில் அதன்மீது ஏறுவோர் கைப்பிடியால் கைப்பிடியை உரசி, பையால் பையை இடித்து, முன்னே செல்பவரின் ஈரக் கோட்டு வாடையை முழுவதுமாக நுகர்ந்துகொண்டு மறுகரை சேர்வர். பாலத்தை மாற்ற வேண்டும் என்பதில் முதல் வாரத்திலேயே எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஐயமற்ற ஒன்றைச் செய்து நகரசபைக்குப் பழக்கமும் இருக்கவில்லை.

ஒன்பதாம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில் நகரசபை ஒரு முடிவுக்கு வந்தது. பாலத்தை மாற்றும் வரையில் மக்களை மாற்றுவது என்பதே அம்முடிவு. அதன்படி பாலத்தின் இரு முனைகளிலும் 'சைக்கிளில் வருவோர் இறங்கி நடக்கவும்' என்ற பலகை நடப்பட்டது. பலகையை மதியாதோரைத் திருத்துவதற்காக ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த பணியாளர்களும் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்குப் 'பாலப் பண்பாட்டு வழிகாட்டி' என்று பெயர்.

ஆல்த்யா அம்மையாருக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. நகர நீச்சல்குளத்தின் வாயிலில் முப்பது ஆண்டுகள் நுழைவுச்சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆறு ஆண்டுகளாக அவருக்கு நடுக்குவாதம். அந்நோய்க்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. நடக்க முற்பட்டால் கால்கள் சொல்லாமல் கொள்ளாமல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதே கால்களைச் சைக்கிளின் மிதிகளில் வைத்துவிட்டால் இருபது வயதுப் பெண்ணின் கால்களைப்போல் சுழலும். சக்கரம் வைத்த நடைச்சட்டம் ஒன்று வாங்கிப் பார்த்தார். அவர் நின்றுவிட்ட இடத்திலிருந்து அது மட்டும் முன்னே போயிற்று.

அவருடைய கணவர் ரைண்டர் பக்கவாதத்தால் பேச்சிழந்து மறுகரையிலுள்ள பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். அங்கே பகல் பன்னிரண்டு மணிக்குச் சூடான உணவு வரும்; பன்னிரண்டே முக்காலுக்குத் தட்டுகள் திரும்பப் போய்விடும். ரைண்டர் மனைவியின் கைக்கரண்டிக்கு மட்டுமே வாய் திறப்பார். செவிலியர் முயன்றபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அம்மையாரின் கை நடுங்கும். கரண்டி போகும் பக்கமெல்லாம் ரைண்டரின் தலையும் போகும். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்துக்கொள்ளும். இவ்வாறு மூன்றாண்டுகள் ஒருநாளும் தவறாமல் நடந்துவந்தது.

பலகை நடப்பட்ட இரண்டாம் நாள், பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், ஓர் ஆரஞ்சுச் சட்டை அம்மையாரின் சைக்கிளை மறித்தது. அச்சட்டைக்குள் இருந்தவர் பெயர் கெர்பென். மீன் ஏலக்கூடம் மூடப்பட்டபின் இவ்வேலைக்கு அனுப்பப்பட்டவர்.

"அக்கா, நில்லுங்க. போர்டைப் பாக்கலையா?"

"பாத்தேன்பா. இறங்குனா எனக்கு நடக்க வராது. ஓட்டிக்கிட்டே போயிடறேனே."

"சைக்கிள் ஓட்ட வருமாம், நடக்க வராதாம்! ஆளு புதுசுன்னு கதை விடறீங்களா?"

"புதுசுதானே? நேத்து வரைக்கும் உன்னை இங்க பாக்கலையே."

"புதுசுதான். அதுக்காக? இறங்குங்கக்கா, மேல இருந்து பாப்பாங்க."

அம்மையார் இறங்கினார். ஐந்து அடி நடந்தார். கூனல் தொடங்கும் இடத்தில் கால்கள் ஒட்டிக்கொண்டன. பின்னே வந்தவர்களும் இறங்கினார்கள். ஏறி அமர்ந்தால் ஓராள் அகலத்தில் அடங்குபவன், இறங்கிச் சைக்கிளைத் தள்ளினால் ஈராள் அகலம் ஆகிறான். ஆகவே பாலம் முனை முதல் முனை வரை அடைத்துக்கொண்டது.

"என்ன பாட்டி, வேர் விட்டுட்டீங்களா? தண்ணி ஊத்தட்டுமா?" என்றான் சிவப்புத் தொப்பி அணிந்த ஓர் இளைஞன்.

"முன்னாடி என்னய்யா கண்காட்சியா நடக்குது? ஆபீசுக்குப் போகணும்!" என்று கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

கெர்பென் அம்மையாரின் முழங்காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அது மேசைக்காலைப்போல் இருந்தது. அவர் முகம் மாறிற்று.

"நெசமாத்தான் சொன்னீங்களாக்கா? மன்னிச்சுக்குங்க. இறங்குனா கூட்டம் இன்னும் அடைக்குதேன்னு காலையிலதான் ஆபீஸ்ல கேட்டேன். என்னை யோசிக்கிற வேலைக்கு எடுக்கலைன்னாங்க."

கெர்பெனின் தோளைப் பற்றி அங்குலம் அங்குலமாகப் பாலத்தைக் கடந்து, அம்மையார் இல்லம் சேர்ந்தபோது பன்னிரண்டு முப்பத்தெட்டு. ரைண்டர் நான்கு வாய் உண்டார். ஐந்தாவது கரண்டி அந்தரத்தில் இருந்தபோதே சமையற்கூடத்தார் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் நல்ல வெயில். கைப்பிடிச் சுவரின் இரும்புக் கம்பிகள் பாலத்தின் தரையில் குறுக்குக் குறுக்காக நிழல் வீழ்த்தியிருந்தன. சைக்கிளைப் பிடித்தபடி நின்ற அம்மையார் முதல் நிழலைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார், அணிவகுப்பில் செல்லும் வீரனைப்போல் மறுகரை வரை நடந்துவிட்டார். கெர்பென் பின்னாலேயே ஓடினார்.

"அப்ப நேத்து நடிச்சீங்களா?"

"நடிக்கலப்பா. குறுக்குக் கோடு இருந்தா கால் தாண்டிடும். எதைத் தாண்டணும்னு தெரிஞ்சாத்தான் அதுக்குத் தைரியம். டாக்டரே சொல்லியிருக்காரு."

"அப்ப தெனமும் வெயிலடிக்கணும்."

"அடிக்கணும்."

இருவரும் அண்ணாந்து பார்த்தனர். அந்நாட்டு வானத்தோடு இருவருக்கும் நெடுநாள் பழக்கம் உண்டு.

அம்மையார் நகரசபைக்குச் சென்று, பாலத்தில் ஓட்டிச்செல்ல விலக்கு வேண்டி விண்ணப்பித்தார். விலக்குகளுக்கான அதிகாரி வெஸ்ஸல் என்பவர். ஆரவாரமற்றவர், ஒருவரைச் சாகடிப்பதாயினும் முதலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பவர்.

"எப்படி வந்தீங்க, மேடம்?"

"சைக்கிள்ல."

வெஸ்ஸல் அதனை எழுதிக்கொண்டார். "அப்ப உங்களுக்கு நடமாட்டத்துல தடை இல்ல."

"சைக்கிள்ல தடை இல்ல சார். நடக்கத்தான் முடியல."

"உடல் குறை விலக்கு நடக்கிறவங்களுக்கு மட்டும்தான். நீங்க சைக்கிள்காரங்க."

"சைக்கிள்காரின்னா பாலத்துல ஓட்ட விடுங்களேன்."

"பாலத்துல நீங்க நடக்கிறவங்க."

"நடக்கிறவன்னா விலக்குக் குடுங்க."

"நடக்க முடியாதுன்னு நிரூபிச்சாக் குடுத்துடுவேன். வாங்க, தாழ்வாரத்துல நடந்து காட்டுங்க. உங்க வசதிக்காகத்தான் இந்த ஏற்பாடு."

நகரசபைத் தாழ்வாரம் கறுப்பும் வெள்ளையுமான சதுரக் கற்கள் பதித்தது. அம்மையார் அதைக் கண்டதுமே திடுக்கிட்டார். நில்லுங்கள் என்று தம் கால்களிடம் மன்றாடினார். அவையோ கற்களின் விளிம்புகளைக் கண்ட மகிழ்ச்சியில் ஒவ்வொன்றாகத் தாண்டி, முப்பது மீட்டரை நிமிர்ந்த நடையில் கடந்து, திரும்பியும் வந்தன. வெஸ்ஸல் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்.

"அருமை! எங்க ஆபீஸ்ல யாரும் இப்படி நடக்கிறதில்ல."

"தரையில கோடு கோடா இருக்கு சார், அதனாலதான்! பாலத்துலயும் இதே மாதிரி வெள்ளைக் கோடு போட்டுடுங்க. விலக்கே வேண்டாம். ஒரு டப்பா பெயிண்டு போதும்."

வெஸ்ஸல் பேனாவை மூடினார். துன்பப்படுவோரைக் கண்டு இரங்கும் பாவனை அவர் முகத்தில் தோன்றியது.

"மேடம், குறுக்குல வெள்ளைக் கோடு போட்டா அது பாதசாரி கடக்கிற இடம் ஆயிடும். பாலம் முழுக்கப் போட்டா பாலமே அப்படி ஆயிடும். அப்ப வாகனம் நின்னு வழி விடணும். பாலத்துக்குக் கீழ போற வாகனம் எது? படகு. படகுக்காரங்களைக் கலந்துக்காம நான் எப்படி டப்பாவைத் தொறக்கிறது?"

மூன்று வாரங்களில் கடிதம் வந்தது. விலக்கு மறுக்கப்பட்டிருந்தது. 'தங்கள் நடை, சோதிக்கப்பட்ட விண்ணப்பதாரர்கள் அனைவரினும் செவ்வியது எனப் பதிவு செய்யப்பட்டுள்ளது' என்று பாராட்டும் எழுதப்பட்டிருந்தது. நாள் தவறாத வண்டி வேண்டுமாயின் நகரசபை ஊர்தியை அழைக்கலாம் என்றும், குறித்த நேரத்துக்கு அரைமணி முன்போ பின்போ அது வரக்கூடும் என்றும் அடிக்குறிப்பு இருந்தது.

அன்றிலிருந்து மேகமூட்டமான நாட்களில், பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், கெர்பென் சத்தமாகப் பேசத் தொடங்குவார்.

"நான் இப்ப அந்தப் பக்கம் திரும்பி சிகரெட் பத்தவைக்கப் போறேன். என் முதுகுக்குப் பின்னாடி என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது."

"உனக்குத்தான் சிகரெட் பழக்கமே இல்லையே."

"அதான் பத்தவைக்க இவ்வளவு நேரம் ஆகுது. போங்கக்கா சீக்கிரம்!"

நவம்பரில் புதிய பாலம் குறித்து மக்கள் கலந்துரையாடல் நடைபெற்றது. ஆறிய காப்பி வழங்கப்பட்டது. பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டிய பெண், ஆளுக்கு ஒன்று எடுத்தவுடன் மூடியை அழுத்திச் சாத்தினார். துணைமேயர் ரூலோஃப் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கினார். அவர் கை ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. அம்மையார் தம் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். பிறகு ரூலோஃப் மேடையேறினார்.

"அன்பான மக்களே! ஒன்பது வருஷமா நாங்க பாலம் கட்டலைன்னு சிலர் சொல்றாங்க. கட்டலைதான். ஆனா இந்த ஒன்பது வருஷத்துல நாங்க கட்டின பாலம் ஒண்ணாவது இடிஞ்சு விழுந்திருக்கா? நெரிசலுக்குக் காரணம் என்னன்னு மூணு குழு போட்டு ஆராய்ஞ்சோம். மூணும் ஒரே பதிலைத்தான் சொல்லிச்சு: ஆளுங்க. அந்த விஷயத்துல நகரசபைக்கு அதிகாரம் இல்ல. நான் அந்தப் பாலத்துல போனதே இல்லைன்னும் சொல்றாங்க. உண்மை! போனா என் மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும். நடுநிலையைக் காப்பாத்தத்தான் நான் கார்ல போறேன்."

கைதட்டல் எழுந்தது. எதற்கென்று ரூலோஃபுக்கும் தெரியவில்லை, இருப்பினும் தலைவணங்கினார்.

பின்னர் மாதிரிப் பாலத்தின் மீதிருந்த துணி நீக்கப்பட்டது. நடப்போருக்கும் சைக்கிள்காரருக்கும் சச்சரவு வராதிருக்க, முதற்கட்டத்தில் நடப்போருக்கு மட்டுமே பாலம். சைக்கிள் பாலம் இரண்டாம் கட்டத்தில் ஆராயப்படும். தரை பால்போல் வெண்மையானது. கோடோ இணைப்போ அற்றது. இருபுறமும் கம்பிகளுக்குப் பதிலாக முழுக் கண்ணாடி.

"ஏன் கண்ணாடி?" என்று ரூலோஃப் தாமே வினவினார். "இந்த நகரசபை எதையும் மறைக்கிறதில்லைன்னு காட்டத்தான்!"

அம்மையார் கையுயர்த்தினார். "கம்பியே வைக்கக்கூடாதா? எனக்கு நிழல் வேணும்."

அவை சிரித்தது. "நிழலுக்கு மரம் இருக்கேம்மா," என்றார் ரூலோஃப். கருத்துகளை வண்ணச் சீட்டில் எழுதி ஒட்டுமாறு அறிவுறுத்தப்பட்டது. அம்மையார் நடுங்கும் கையால் மஞ்சள் சீட்டில் எழுதினார்: 'தரையில் குறுக்குக் கோடு போடவும். ரைண்டர் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வேண்டும்.' ஒரு பணியாளர் அதனை இருமுறை படித்து, 'நினைவுகளும் உணர்வுகளும்' என்ற பலகையில், பிஸ்கட் போதவில்லை என்னும் சீட்டுக்கு அருகில் ஒட்டினார். பிஸ்கட் பற்றிய முறையீட்டின்மீது மறுவாரமே நடவடிக்கை எடுக்கப்பட்டது.

பிப்ரவரியில் கூன்பாலம் அறுத்து எடுக்கப்பட்டது. பாலமற்ற காலத்துக்காக, ஐந்து கிலோமீட்டர் சுற்றிச்செல்லும் நெடுஞ்சாலைப் பாலத்தில் சைக்கிளுக்குத் தற்காலிகப் பாதை திறக்கப்பட்டது. அம்மையார் அதில் நாள்தோறும் ஓட்டினார். எவரும் மறிக்கவில்லை, எவரும் இறங்கச் சொல்லவில்லை. ஏழு மாதங்கள் ரைண்டர் தட்டைக் காலி செய்தார். கன்னத்தில் சிறிது சதை கூடப் பிடித்தது. பாலம் இல்லாத காலமே அவர்கள் இருவருக்கும் ஒழுங்காகக் கரை சேர வாய்த்த காலம்.

செப்டம்பரில் அந்நற்காலம் முடிவுற்றது. திறப்பு விழாவன்று விடியற்காலையிலேயே தற்காலிகப் பாதை மூடப்படும் என்றும், பதினொன்றே முக்காலுக்குப் புதுப்பாலம் திறக்கப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. உடன் வெஸ்ஸலும் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"மேடம், முதல்ல பாலத்தைக் கடக்கிற பெருமை உங்களுக்குத்தான்! முன்மாதிரிப் பாதசாரின்னு ஒருத்தரைத் தேடினோம். எங்க பதிவேட்டுல உங்க நடைதான் முதல் இடம்."

"சார், அது உங்க தரையோட நடை. என் நடை இல்ல."

"தன்னடக்கம்! அதையும் குறிச்சுக்கிறேன்."

அம்மையார் நீண்ட நேரம் எண்ணினார். வேறு வழி மூடப்பட்டிருக்கும். அன்று வெயிலடித்தாலும் கண்ணாடியில் நிழல் இல்லை. ஆயினும் முதலாவதாகப் போனால் முன்னால் கூட்டம் இராது. ஒருவேளை கால்கள் இரங்கலாம். ஒப்புக்கொண்டார்.

விழாநாளில் தூறல். மேள வாத்தியக் குழு நனைந்து நின்றது. பாலத்தின் வாயிலில் மேசையிட்டு, அதன்மீது ஒன்பதாண்டு 'மக்கள் பங்கேற்பு அறிக்கை' ஒன்பது தொகுதிகளாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் முந்நூறு பக்கம். வழவழப்பான உயர்தரத் தாள். ரூலோஃப் பேசத் தொடங்கினார். பதினொன்றே முக்காலும் பன்னிரண்டும் அவர் பேச்சினுள்ளேயே கழிந்தன.

"இந்தப் பாலம் ஒரு தனிமனுஷனுக்காகக் கட்டினது இல்ல!" என்று அவர் முடித்தபோது மணி பன்னிரண்டு எட்டு. அதில் அவர் பொய் சொல்லவில்லை.

நாடா வெட்டப்பட்டது. அம்மையார் வெண்ணிறத் தரையில் இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி எழவில்லை. எதிரே, எதையும் மறைக்காத அறுபது மீட்டர் வெறுமை. முன்மாதிரிப் பாதசாரியை எவரும் முந்தலாகாது என்பது விழா விதி. ஆதலால் அவர் பின்னே துணைமேயரும், அவர் பின்னே அதிகாரிகளும், அவர்கள் பின்னே சைக்கிளை விட்டிறங்கிய ஊராரும் நின்றனர். வாத்தியக் குழு ஒரே பாட்டை மூன்றாம் முறை வாசித்தது.

"நடங்கம்மா, கேமரா பாக்குது," என்று ரூலோஃப் பல்லிடுக்கில் சொன்னார்.

"என் கால் கேமராவைப் பாக்கலையே. அது கோட்டைத் தேடுது." அம்மையார் கழுத்தை மட்டும் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். "மணி என்ன ஆச்சுன்னு யாராவது சொல்லுங்களேன். அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"சோதனையில நல்லாத்தானே நடந்தாங்க!" என்றார் வெஸ்ஸல், ஏமாற்றப்பட்டவர்போல.

அப்போது கெர்பென் ஆரஞ்சுச் சட்டையுடன் மேசையருகே சென்று, அறிக்கையின் முதல் தொகுதியை எடுத்து, முதுகை முறித்து, பக்கங்களைக் கிழித்தார். ஈரத் தரையில் குறுக்காக, அடிக்கு ஒன்றாக, அவற்றை இடலானார்.

"ஏய்! என்னய்யா பண்றே? ஒன்பது வருஷ உழைப்பு அது!"

"அதான் சார் நல்ல கனம். ஈரத்துல பச்சக்குனு ஒட்டிக்குது." கெர்பென் நிமிரவில்லை. "அக்கா, இது துணைமேயரோட முன்னுரை. தாண்டுங்க."

அம்மையார் முன்னுரையைத் தாண்டினார். பொருளடக்கத்தைத் தாண்டினார். நோக்கம், நோக்கத்தின் பின்னணி, பின்னணியின் நோக்கம் ஆகியவற்றைத் தாண்டினார். கூட்டத்திலிருந்து சிவப்புத் தொப்பி இளைஞன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"பாட்டி, தண்ணி வேணாம், பேப்பர்தான் உரமா? இருங்க, நானும் போடறேன். இந்தாங்க, நெரிசல் ஆராய்ச்சி. இந்தாங்க, ரெண்டாம் நெரிசல் ஆராய்ச்சி!"

நூற்றுப் பதினெட்டுப் பக்கங்களில் பாலம் முடிந்தது. அம்மையார் மறுகரையில் கால் வைத்தபோது கெர்பென் மூச்சிரைத்தபடி, "பயப்படாதீங்கக்கா," என்றார். "இன்னும் எட்டுத் தொகுதி இருக்கு. அது தீர்றதுக்குள்ள சைக்கிள் பாலத்துக்கு அறிக்கை வந்துடும்."

இல்லத்தில் மணி பன்னிரண்டு முப்பத்தொன்று. பட்டாணிக் கஞ்சி ஆடை கட்டியிருந்தது. ரைண்டர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார், மனைவியின் நனைந்த தலையையும் கையில் ஆடும் கரண்டியையும் பார்த்தார், வாய் திறந்தார். கரண்டி இடம் போனால் இடமும் வலம் போனால் வலமும் தலையசைத்து, பதினான்கு நிமிடத்தில் கிண்ணத்தைக் காலி செய்தார். சமையற்கூடத்தார் வந்து வெறுங்கிண்ணத்தை எடுத்துச் சென்றனர்.

அவர் மோவாயில் கஞ்சி வழிந்திருந்தது. துடைக்கத் துணி தேடிக் குனிந்த அம்மையார், தம் செருப்பின் அடியில் ஒரு தாள் ஒட்டி வந்திருப்பதைக் கண்டார். பிரித்துப் பார்த்தார். 'பொதுமக்களின் தனிப்பட்ட தேவைகள்' என்ற தலைப்பின் கீழ் அப்பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதன் சுத்தமான மூலையால் கணவரின் மோவாயைத் துடைத்தார்.

உயர்தரத் தாள் என்பதால் அது எதையும் உறிஞ்சவில்லை. கஞ்சியைக் கன்னத்துக்கும் இழுத்துப் பூசிற்று. அம்மையார் அதைக் கசக்கிக் குப்பையில் எறிந்துவிட்டு, தம் சட்டைக் கையால் துடைத்தார்.